ஒரு கூறு கத்திரிக்காய்

உங்கள் செல்போனுக்கும் அந்தப் படம் நிச்சயம் வந்திருக்கும். சுருக்கம் விழுந்த முகத்தோடு ஒரு பாட்டி. முன்னால் நாலு கட்டுக் கீரை. கீழே கொட்டை எழுத்தில், 'ஹோட்டலில் டிப்ஸ் வைக்கிறாய், மாலில் கேட்ட விலையைக் கொடுக்கிறாய், இவளிடம் மட்டும் பேரம் பேசுகிறாயே, நியாயமா?' என்று ஒரு கேள்வி. கடைசி வரியில், பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு.

நான் யாருக்கும் அனுப்பவில்லை. ஆனால், சுருக்கென்று குத்தியது நிஜம். காரணம், எங்கள் வீட்டில் பேரம் பேசுவதற்கென்றே அனுப்பப்படுகிற ஆசாமி நான். 'பி.காம். படிச்சதுல இவனால வீட்டுக்குக் கிடைச்ச ஒரே லாபம் இதுதான்' என்று அம்மா சொல்வார். கத்திரிக்காயில் இரண்டு ரூபாய் குறைத்து வாங்கி வந்தால், ஏதோ கம்பெனியையே வாங்கி வந்த மாதிரி ஒரு நடை நடப்பேன்.

படம் வந்த அந்த வாரம் நான் இலுப்பூரில் இருந்தேன். விராலிமலையிலிருந்து புதுக்கோட்டை போகிற சாலையில், அன்னவாசலுக்கு முன்னால் வருகிற ஊர். பெரியம்மா வீடு அங்கே. போனது ஒரு சந்தை நாள். சுற்றுப்பட்டுக் கிராமத்துச் சனமெல்லாம் அன்றைக்கு அங்கேதான் இருக்கும். உரச்சாக்கை விரித்து அதன் மேல் கூறு கட்டி வைத்திருப்பார்கள். தராசு, எடைக்கல், கிலோ எதுவும் கிடையாது. பத்துக் காய் ஒரு குவியல். 'கூறு இவ்வளவு' என்றால் இவ்வளவுதான். மேலே நல்ல காயாகப் பார்த்து அடுக்கி, சொத்தையை அடியில் தள்ளியிருப்பார்கள். அதைப் புரட்டிப் பார்க்கிற உரிமை நமக்கு உண்டு. புரட்டும்போது முறைக்கிற உரிமை அவர்களுக்கு உண்டு.

காலை ஒன்பது மணி இருக்கும். எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் ஆத்தாவின் முன்னால் குந்தினேன்.

"கூறு என்ன ஆத்தா?"

"நாப்பது ரூவா அப்பு. புஞ்சுக் காயி, வெண்ணெயா வேகும்."

வழக்கமான நானாக இருந்தால் 'இருபத்தஞ்சு' என்று ஆரம்பித்திருப்பேன். செல்போன் பாட்டி உள்ளே உட்கார்ந்து உறுத்திக்கொண்டிருந்தார். ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டி, "மிச்சத்த வச்சுக்கங்க ஆத்தா" என்றேன். சொல்லும்போதே மனசுக்குள் ஒரு சின்ன மாலை விழுந்தது. சும்மா சொல்லக் கூடாது, சுகமாகத்தான் இருந்தது.

ஆத்தா நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எதுக்கு?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. உங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? "சும்மாதான்" என்று இழுத்தேன். அவர் வேறொன்றும் பேசவில்லை. பக்கத்திலிருந்த குவியலில் ஒரு கை பச்சை மிளகாய் அள்ளினார். ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அது போதாதென்று தோன்றியதோ என்னவோ, மேலும் இரண்டு காய். எல்லாவற்றையும் என் பையில் போட்டு, "பத்து ரூவாக்கிச் சரியாப் போச்சு" என்றார். மாலை அறுந்து விழுந்தது.

நான் எழுந்திருப்பதற்குள் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். பழகின முகம் போலிருக்கிறது. "முப்பதுக்குக் குடு ஆத்தா." "முப்பதுக்கு ஒங்க வீட்டுக்காரரு விப்பாரு, அங்கெ போயி வாங்கு." "அவருக்குக் கத்திரிக்காய்க்கும் கண்டங்கத்திரிக்கும் வித்தியாசம் தெரியாது." இருவரும் சிரித்தார்கள். நடுவில் மகளின் பிரசவம் வந்தது, மருமகனின் குணம் வந்தது, கூட்டுறவு சங்கத்து நகைக்கடன் வந்தது. கடைசியில் முப்பத்தைந்து ரூபாய், கொசுறாக ஒரு காய். அந்தப் பெண் என்னைவிடப் பதினைந்து ரூபாய் குறைவாகக் கொடுத்தார். ஆத்தாவின் முகத்தில் எனக்குக் கிடைக்காத ஒரு வெளிச்சம் அவருக்குக் கிடைத்தது.

அப்படியானால் பேரம் பேசாமல் இருந்தது புண்ணியமா, அவமரியாதையா? வீட்டுக்கு நடந்து வரும்போது இதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

பேரத்தைப் பற்றி நமக்கு ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. அதை நாம் சண்டையாகப் பார்க்கிறோம். கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர், மொராக்கோவில் செஃப்ரூ என்ற ஊரின் சந்தையைப் பல ஆண்டுகள் கவனித்துவிட்டு 1978-ல் ஒரு கட்டுரை எழுதினார். சந்தையில் தட்டுப்பாடான சரக்கு எது தெரியுமா? தகவல். எது நல்ல காய், இன்றைக்கு வரத்து எவ்வளவு, அடுத்த சாக்கில் என்ன விலை என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. பேரம் என்பது அந்தத் தகவலைத் தேடுகிற வழி. தினம் தினம் தேடி அலுத்துப்போகிறவர்கள் ஒரே ஆளிடம் வாடிக்கை வைத்துக்கொள்கிறார்கள். வாடிக்கை வைத்த பிறகும் பேரம் நிற்பதில்லை. அங்கே அது நலம் விசாரிப்பின் இன்னொரு வடிவமாகிவிடுகிறது. அந்தப் பெண்ணும் ஆத்தாவும் பண்ணிக்கொண்டிருந்தது அதைத்தான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்தில் மணப்பாறை மாட்டுச் சந்தையைப் பாருங்கள். நம் ஊர் மாட்டுச் சந்தைகளில் தரகரும் வியாபாரியும் கை மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, அதற்குள் விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். ஊரே சுற்றி நிற்கும், விலை மட்டும் இரண்டு பேருக்குத்தான் தெரியும். படியாமல் போனால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விடலாம். எதிராளியின் மானத்தைக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு துண்டு! இதைவிட நாகரிகமான வியாபாரத்தை நான் எந்த ஏ.சி. அறையிலும் பார்த்ததில்லை.

இந்தச் சீமைக்கு வியாபாரம் புதிதல்ல. விராலிமலை பக்கத்துக் கொடும்பாளூர், மதுரைக்குப் போகிற பாதைகள் பிரிகிற இடமாகச் சிலப்பதிகாரத்தில் வருகிறது. அந்த ஊரின் மணிக்கிராமம் என்ற வணிகர் குழுவைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பற்றிப் பட்டினப்பாலை சொல்லும் பெருமை என்ன தெரியுமா? வாங்குகிற இடத்தில் கூடுதலாகப் பிடுங்க மாட்டார்கள், கொடுக்கிற இடத்தில் அளவைக் குறைக்க மாட்டார்கள் என்பதுதான். அவர்கள் பேரம் பேசவில்லை என்று அந்தப் பாட்டு சொல்லவில்லை.

ஆனால் பேரத்தில் ஒரு பொய் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நாற்பது என்று சொல்லும்போதே ஆத்தாவுக்குத் தெரியும், முப்பத்தைந்து போதும் என்று. இருபத்தைந்துக்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று நான் அடித்துச் சொல்லும்போது எனக்கும் தெரியும். ஆளுக்கொரு பொய்.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இதை ரொம்ப சீரியஸாக எடுத்துக்கொண்டார்கள். வாங்க உத்தேசித்திருக்கும் விலையைவிட அதிகம் கேட்பது பொய்தான், ஆகவே பாவம். ஒரே விலை சொல்லு, அதற்கே விற்றுவிடு என்றார் அவர்களின் குரு ஜார்ஜ் ஃபாக்ஸ். முதலில் குவேக்கர் கடைகளில் கூட்டம் குறைந்ததாம். பேரம் பேசாத கடைக்கு யார் போவார்கள்? பிறகு, சின்னக் குழந்தையை அனுப்பினாலும் ஏமாற்றாமல் அதே விலைக்குக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் கூட்டம் அலைமோதியதாம். 1852-ல் பாரிஸில் அரிஸ்டீட் பூசிகோ, போன் மார்ஷே கடையில் பங்குதாரராகச் சேர்ந்து, பொருளுக்குப் பொருள் விலைச்சீட்டு ஒட்டி அதைப் பெரிய வியாபாரமாக்கினார். இன்றைக்கு நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் ஒட்டியிருக்கிற சீட்டுக்கு அவரும் ஒரு தாத்தா. நம் உழவர் சந்தையும் ஒரு விதத்தில் இந்த ஜாதிதான். 1999 நவம்பர் 14-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது, காலையில் விலையைப் பலகையில் எழுதிவிடுவது, இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே விற்பது என்று ஏற்பாடு.

குழந்தையை அனுப்பினாலும் அதே விலை என்பது பெரிய விஷயம். அதை நான் மறுக்கவில்லை. வாய் இருக்கிறவன் பிழைப்பான், வாய் இல்லாதவன் ஏமாறுவான் என்கிற குறை பேரத்தில் உண்டு. ஊருக்குப் புதியவன், கூச்ச சுபாவம் உள்ளவன், பாஷை தெரியாத வடக்கத்தித் தொழிலாளி எல்லோரும் கூடுதலாகவே கொடுக்கிறார்கள்.

சூப்பர் மார்க்கெட்டில் பேரமே நடப்பதில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அங்கேதான் பெரிய பேரம். கொள்முதல் மேலாளர் ஒருவர், லாரிக்கணக்கில் எடுக்கிறேன் என்று சொல்லிக் காயின் விலையை அடித்து வைத்திருப்பார். மீந்ததைத் திருப்பி அனுப்புவேன், பணம் பின்னால்தான் வரும் என்றெல்லாம் நிபந்தனை போட முடிகிற கை அது. எனக்காக, என் பெயரில், எனக்குத் தெரியாத அறையில் அந்தப் பேரம் முடிந்துவிடுகிறது. நான் கை கழுவிக்கொண்டு கார்டைத் தேய்க்கிறேன். இப்போது பத்து நிமிடத்தில் வீட்டுக்கே வரும் செயலிகளில் டெலிவரி கட்டணம் மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று. ஏன் என்று கேட்க அங்கே குந்தி உட்கார்ந்து பேச ஓர் ஆத்தா கிடையாது.

ஆகவே, பேரம் பேசுவது பாவமில்லை, எதிராளியை எனக்குச் சமமாக நடத்துவது என்று ஒரு முடிவுக்கு வந்து, மனசுக்குள் கட்டுரையின் முதல் பாதியை எழுதியும் முடித்துவிட்டேன். சந்தையில் எல்லோரும் சமம், ரூபாய்க்கு ஜாதி தெரியாது என்று ஒரு வரி கூடத் தயாராக இருந்தது. எழுதக் கை வரவில்லை. இதே வட்டாரத்தில், இதே அன்னவாசல் ஒன்றியத்தில்தான் வேங்கைவயல் இருக்கிறது. 2022 டிசம்பரில் அங்கே பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டது தெரிய வந்தது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர், பக்கத்து டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும் நேரில் கண்டார். சந்தையில் சரிசமமாகக் குந்தி விலை பேசிய இரண்டு பேர், ஊர் திரும்பியதும் வேறு வேறு குவளையில் டீ குடிக்க முடியும். சந்தை அதைத் திருத்திவிடும் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. ஆனால், டீக்கடையில் மறுக்கப்பட்ட ஒருவர் 'என்னய்யா வெல சொல்ற, கட்டுப்படியாகாது' என்று மேல்தெருக்காரரிடம் குரல் உயர்த்திச் சொல்ல முடிகிற இடம் அந்த வட்டாரத்தில் வேறு எத்தனை இருக்கிறது? அந்தக் குரலுக்காகவாவது பேரம் இருக்கட்டும் என்று தோன்றியது.

இப்படியெல்லாம் யோசித்து நிம்மதியான நான், சாயங்காலம் மறுபடி சந்தைக்குப் போனேன். பெரியம்மா வெற்றிலை வாங்கி வரச் சொல்லியிருந்தார். ஆறரை மணி, இருட்டிக்கொண்டு வந்தது. சாக்கை மடிக்கிறவர்கள், கூடையைத் தலைக்கு ஏற்றுகிறவர்கள், பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள். ஆத்தா முன்னால் மூன்று கூறு மிச்சம் இருந்தது.

"மூணும் எவ்வளவு?"

"நூறு குடு."

காலையில் புதுப்பித்த தத்துவம் கையில் இருந்ததே! "நாப்பது" என்றேன். "ஒரு கூறுக்கா?" "மூணுக்கும்." ஆத்தா சிரிக்கவில்லை. மருமகன் கதையும் வரவில்லை. "எழுபதாச்சும் குடு" என்றார். நான் எழுந்து இரண்டடி வைத்தேன். பேரக் கலையில் இதுதான் கடைசி அஸ்திரம், உங்களுக்கும் தெரிந்திருக்கும். "சரி, அம்பது ரூவாய வச்சிட்டு எடுத்துக்க" என்று பின்னால் குரல் வந்தது. ஜெயித்துவிட்டேன். காலையில் ஒரு கூறுக்குக் கொடுத்த அதே ஐம்பது ரூபாய்க்கு மூன்று கூறு!

பையில் காயைப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு மொபெட் வந்து நின்றது. ஓட்டி வந்த இளைஞன் இறங்கக்கூட இல்லை, கையை மட்டும் நீட்டினான். ஆத்தா முந்தானை முடிச்சை அவிழ்த்து, பத்தும் இருபதுமாக எண்ணினார். நான் கொடுத்த ஐம்பதையும் மேலே வைத்தார். அவன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த சாக்குக்குப் போனான்.

தண்டல். விடியற்காலையில் தோட்டக்காரர் கையில் காசு வைத்தால்தான் மூட்டை வண்டி ஏறும். அந்தக் காசுக்காக ஆத்தா வாங்குவது ஆயிரம் ரூபாய்க் கடன். நூறைப் பிடித்துக்கொண்டு தொள்ளாயிரம்தான் கைக்கு வரும். சாயங்காலம் முழு ஆயிரத்தையும் கொடுத்துவிட வேண்டும். விடிந்தால் வாங்கி, பொழுது சாய்ந்தால் கட்டுவது. கேட்டதும் கணக்கை அவரே சொன்னார், மறைக்கவில்லை. அன்றைக்கு மொத்த வசூல் ஆயிரத்து முந்நூற்று ஐம்பது. தண்டலுக்கு ஆயிரம். மூட்டை வண்டிக் கூலி அறுபது. சந்தைக் குத்தகைக்காரருக்கு முப்பது. இரண்டு வேளை டீக்கு இருபது. மிச்சம் இருநூற்று நாற்பது.

இப்போது என் வெற்றியைக் கணக்குப் பாருங்கள். நியாயமான சந்தை விலை கூறுக்கு முப்பத்தைந்து என்றால் மூன்று கூறு நூற்றைந்து. நான் கொடுத்தது ஐம்பது. அடித்தது ஐம்பத்தைந்து. அவர் பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்த கூலியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. காலையில் நான் அள்ளிக் கொடுத்த பத்து ரூபாயை அவர் காலையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் பி.காம். மூளை சும்மா இருக்குமா? வாதாடியது. காய் வாடிவிட்டது. நாளைக்கு விற்காது. நான் வாங்காவிட்டால் அவருக்கு ஐம்பதும் இல்லை. அழுகும் சரக்குக்குச் சாயங்கால விலை குறைவது பொருளாதார விதி. நான் அவருக்கு உதவியே செய்திருக்கிறேன். இந்த வாதத்தில் தப்பே கண்டுபிடிக்க முடியாது, அதுதான் அதன் தொல்லை. அன்றைக்கு ராத்திரி பெரியம்மா வைத்த கத்திரிக்காய்க் கொத்சு நன்றாக இருந்தது என்றும் சொல்லிவிடுகிறேன்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் என்ற பாதிரியார் நியாய விலை பற்றி நிறைய யோசித்திருக்கிறார். வாங்க வருகிறவனுக்கு ஒரு பொருள் ரொம்ப அவசரமாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பவனுக்கு அதைக் கொடுப்பதால் தனி நஷ்டம் ஒன்றும் இல்லை. அப்போது அந்த அவசரத்தைக் காட்டி விலையை ஏற்றக் கூடாது என்கிறார். ஏன்? அந்த அவசரம் விற்பவனின் சரக்கு இல்லை. வாங்குகிறவனுடையது. தன்னுடையது அல்லாததை ஒருவன் எப்படி விற்க முடியும்? அவர் விற்பவனுக்குச் சொன்னதை நான் வாங்குகிறவனுக்குத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். காய் வாடியதற்கு விலை குறையலாம், அது காயின் சமாசாரம். ஆனால், இருட்டுகிறது, பஸ் போய்விடும், மொபெட் வந்துவிடும் என்கிற ஆத்தாவின் பயம் இருக்கிறதே, அதற்கும் சேர்த்து நான் தள்ளுபடி வாங்கியிருக்கிறேன். காய்க்கு எவ்வளவு, பயத்துக்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஐம்பத்தைந்து ரூபாயில் பாதியாவது பயத்துக்கு என்று படுகிறது.

அந்தச் செல்போன் படம் பேரம் பேசாதே என்கிறது. எனக்கு வேறு மாதிரி படுகிறது. காலையில் அந்தப் பெண்ணோடு பேசியபோது ஆத்தாவுக்கு 'போ' என்று சொல்கிற தைரியம் இருந்தது. அவருக்கு முன்னால் முழுப் பகல் இருந்தது. இருவரில் யாரும் எழுந்து போகலாம். மாட்டுச் சந்தையில் துண்டை உதறுகிற மாதிரி. சாயங்காலம் எழுந்து போகிற வசதி எனக்கு மட்டும்தான் இருந்தது. நான் எழுந்து இரண்டடி வைத்தபோது அதைத்தான் அவருக்குக் காட்டினேன். உட்கார்ந்தே தீர வேண்டிய ஆளிடம் எழுந்து போவதாக மிரட்டுவதற்குப் பேரம் என்று பெயர் வைக்கலாமா? யோசித்துச் சொல்லுங்கள்.

முதல் வியாபாரத்திலும் இதே கதைதான் கொஞ்சம். போணி ஆகாமல் ஆளை விடக் கூடாது என்று ஒரு நம்பிக்கை அவர்களுக்கு. விடிந்ததும் போய், போணி பண்ணுகிறேன் என்று கட்டுப்படியாகாத விலைக்குக் கேட்கிற சாமர்த்தியசாலிகள் உண்டு. நானே செய்திருக்கிறேன், விடுங்கள்.

மறுபக்கமும் பார்த்துவிடுவோம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியதே, அப்போது விற்பவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று திட்டாத வீடு உண்டா? வரத்து குவிந்து விலை விழுகிற மாதங்களில், பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று விவசாயிகள் தக்காளியை ரோட்டோரம் கொட்டுகிறார்கள். அப்போது ஐந்து கிலோவாக அள்ளி வந்து தொக்கு போட்டு வைக்கிற நாம் நம்மை எந்தப் பெயராலும் திட்டிக்கொள்வதில்லை. எனக்குத் தெரிந்து பேரத்தில் நியாயம் கேட்கிறவர்கள் எல்லோரும் விலை ஏறும்போது மட்டும்தான் கேட்கிறார்கள்.

அப்படியானால் என்ன செய்வது? சாயங்காலக் கூறுக்கு நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வந்தால் ஆச்சா? நான் ஒருத்தன் கொடுப்பேன். நான் இலுப்பூருக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை போகிறவன். மற்ற நாட்களில் மொபெட் வரும். பயத்தைக் குறைக்க வேறு வழிகள் இருக்கின்றன, அவை ரொம்பச் சாதாரணமானவை. மிச்ச மூட்டையை அடுத்த நாள் வரை பூட்டி வைக்க, வெயில் படாத ஓர் அறை. காலையில் தொள்ளாயிரம் கடன் கொடுக்க மனுஷத்தனமான ஓர் இடம். தமிழ்நாட்டில் அதீத வட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. மீட்டர் வட்டி, கந்து வட்டியோடு தண்டலையும் அது பெயர் சொல்லியே தடுக்கிறது. மொபெட்காரர் அதைப் படித்த மாதிரி தெரியவில்லை. தொள்ளாயிரத்துக்கு ஒரு பகலுக்கு நூறு ரூபாய் வட்டி. வருஷத்தில் முந்நூறு நாள் என்றால் முப்பதாயிரம். வருஷ வட்டி மூவாயிரத்து முந்நூறு சதவிகிதத்துக்கு மேல். இரண்டு தடவை போட்டுச் சரிபார்த்தேன், பூஜ்ஜியம் தப்பாக விழவில்லை. கொரோனாவில் சந்தைகளும் தெருக்கடைகளும் மூடிக் கிடந்த பிறகு, 2020 ஜூனில் மத்திய அரசு தெரு வியாபாரிகளுக்கென்று ஸ்வநிதி திட்டம் கொண்டு வந்தது. கொண்டு வந்தபோது ஈடு இல்லாமல் முதல் கடன் பத்தாயிரமாக இருந்தது, ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் ஏழு சதவிகிதம் மானியம். நகரத்து வியாபாரிகளை மனதில் வைத்துப் போட்ட திட்டம். ஆத்தாவிடம் கேட்டேன். "பேங்க்ல விடியக்காலம் நாலு மணிக்குக் குடுப்பாகளா அப்பு?" என்றார்.

இடமும் அப்படித்தான். 2014-ல் நிறைவேறிய தெரு வியாபாரிகள் சட்டம் 'இயல்பான சந்தை' என்று ஒன்றைச் சொல்கிறது. விற்பவர்களும் வாங்குபவர்களும் காலங்காலமாகக் கூடி வருகிற இடத்துக்கு அந்தப் பெயர். யாரும் திட்டம் போட்டு உருவாக்காத இடத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று சட்டமே ஒத்துக்கொண்டது நல்ல விஷயம். தமிழ்நாட்டில் பல ஊர்களில் சந்தைத் திடலை எடுத்துவிட்டு ஷட்டர் போட்ட கடைகளாகக் கட்டுகிறார்கள். மழைக்கு ஒதுங்க இடம் கிடைக்கிறது, கழிப்பறை வருகிறது, பெண் வியாபாரிகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆண்கள் நமக்குப் புரியாது. கூடவே டெபாசிட் வருகிறது, மாத வாடகை வருகிறது. வாரத்துக்கு ஒரு நாள் ஒரு சாக்கு விரிப்பவரால் ஷட்டருக்கு டெபாசிட் கட்ட முடியாது. அவர் வாசலுக்கு வருவார், வாசலில் உட்காரக் கூடாது என்பார்கள். நல்ல எண்ணத்தோடுதான் கட்டுகிறார்கள். கட்டும்போது ஒரு மூலையில் மேடையும் பூட்டுகிற அறையும் சாக்குக்காரர்களுக்கு என்று ஒதுக்கினால் என்ன என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வி என் ஐம்பத்தைந்து ரூபாயைவிடப் பெரிய தொகை.

ஆனால் இதையெல்லாம் சொல்லி என் பங்கை நான் கழித்துக்கொள்ளப் பார்க்கிறேனோ என்றும் சந்தேகமாக இருக்கிறது. அரசாங்கம் அறை கட்டட்டும், அதுவரை நான் மூன்று கூறு ஐம்பதுக்கு வாங்குகிறேன் என்பதும் ஒரு சௌகரியமான தத்துவம்தான்.

அடுத்த சந்தைக்கும் போனேன். அதற்காகவே இலுப்பூரில் கூடுதலாகச் சில நாள் தங்கினேன் என்றால் பெரியம்மா நம்ப மாட்டார். மணி பதினொன்று, நல்ல வெயில். ஆத்தா முன்னால் கூறு நிறைய இருந்தது. குந்தினேன்.

"கூறு என்ன ஆத்தா?"

"நாப்பது."

"முப்பது."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அன்னிக்கி இருட்டுன பெறகு மூணு கூற அள்ளிக்கிட்டுப் போனது நீதான?"

"ஆமா ஆத்தா."

"இன்னிக்கி நாப்பதுதான். ஒரு ரூவா கொறைக்க மாட்டேன். வேணாம்னா போ."

நாற்பதைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். பச்சை மிளகாய் கேட்டதற்குத் தனியாக ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டார்.